ஆடிச் செவ்வாயில் வெட்டிய முடி

ஆடி 14, செவ்வாய்

காலையிலேயே வெயில். புழுதிக் காற்று. நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் மதியத்துக்கு மேல் லீவு. பல் டாக்டர் என்று பொய்.

ஞாயிற்றுக்கிழமை மாலா அக்கா என்னை வேங்கிக்கால் பார்லருக்கு அழைத்துப் போகிறார். மாலா அக்கா என்றால் அவருடைய, அதாவது எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின், சொந்த அக்கா, ஆவணி முகூர்த்தத்துக்குப் பிறகு எனக்கு நாத்தனார். கல்யாணத்துக்கு முன்னால் என் முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்துவிட வேண்டுமாம், அவர் செலவு. மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாது. இருபத்து மூன்று வயதில் நரைக்க ஆரம்பித்தது. எட்டு வருடமாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கருப்பு மருதாணிப் பவுடர். தெரிந்தவர்கள் அம்மாவும் நானும் மட்டும். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா என் பின்னலைத் தூக்கிப் பார்த்து, "நல்லா கருகருன்னு இருக்கு" என்றார். அம்மா பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். விஷயம் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்பது அவள் கணக்கு. என் கணக்கும்.

பார்லரில் தலையைத் தொட்டதும் தெரிந்துவிடும், அதனால் இன்றே தனியாகப் போய் பார்லர் பெண்ணிடம் சொல்லிவிடுவது. மாலா அக்கா வீட்டில் செவ்வாய், வெள்ளி நகம்கூட வெட்டமாட்டார்கள். ஆடிச் செவ்வாய் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பக்கத்து ஆள் யாரும் கண்ணில் படமாட்டார்கள்.

சொல்ல வேண்டியவை (பஸ்ஸில் எழுதியது):
– பவுடர் பாக்கெட்டையே காட்டுவது
– கடைசியாகப் போட்டது போன ஞாயிறு
– முன்நெற்றியில் முடி கொட்டுகிறது
– ஞாயிறு அன்று என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது

மாலை. போய் வந்தாயிற்று. கடை காலி. ரூபா என்று ஒரு பெண், என் வயது இருக்கும். பாக்கெட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"எட்டு வருஷமாவா? இதுமேல ஸ்மூத்தனிங் மருந்து போட்டா முடி உடைஞ்சிடும்ங்க. முன்னாடியே சொன்னீங்களே, நல்லதாப் போச்சு. நெறைய பேரு மறைச்சிடுவாங்க, அப்புறம் எங்களத் திட்டுவாங்க."

சோதித்துப் பார்க்கப் பின்கழுத்தில் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்றாள். இன்றைக்கா என்று இழுத்தேன். வேறு வழி இல்லை. கத்திரி பட்டதும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வெட்டியதை மருந்தில் ஊறவைத்து, இருபது நிமிடம் கழித்து லேசாக இழுத்தாள். அறுந்தது. 

ஏற்பாடு: ஞாயிறு அன்று அவளே முடியைத் தொட்டுப் பார்த்து, மெல்லிய முடி, ஸ்மூத்தனிங் தாங்காது, வெறும் கிரீம் தடவும் ஸ்பா போதும் என்று சொல்லிவிடுவாள். என் பெயர், போன் நம்பர் கேட்டாள். கொடுத்தேன்.

ஆடி 16, வியாழன்

காற்று. கரண்ட் இல்லை, மையத்தில் சர்வரும் இல்லை. வரிசையில் ஒரே சண்டை.

வெட்டிய இடம் குத்துகிறது. பின்னல் போட்டால் தெரியவில்லை. மூன்று முறை கண்ணாடி பார்த்தேன்.

அவர் போன். செவ்வாய் மதியம் போன் எடுக்காததற்கு அவரிடமும் பல் டாக்டர் என்றே சொல்லியிருந்தேன்.

"எந்தப் பக்கம் வலி?"

வலது என்றேன். இனி வலது என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் அக்கறையாகக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல். அவர்மேல் இல்லை.

அம்மா: "வாய மூடினு இரு. தாலி ஏறிட்டா அப்புறம் யாரு கேக்கப் போறா."

ஆடி 19, ஞாயிறு

மேகமூட்டம். மாலா அக்கா பத்தரைக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். எனக்காக மல்லிப்பூ வேறு. நல்லவர். அதுதான் கஷ்டம்.

ரூபா சொன்னபடியே நடந்துகொண்டாள். தொட்டுப் பார்த்தாள், மெல்லிய முடி என்றாள், ஸ்பா என்றாள். மாலா அக்காவுக்கு முகம் கொஞ்சம் சுருங்கினாலும் ஒத்துக்கொண்டார். தலையில் கிரீம் தடவினார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் மாலா அக்கா தனக்கும் ஸ்பா வேண்டும் என்றார். முதல் தடவை வருபவர்களுக்கு ஓர் அட்டை நிரப்புவார்களாம், முடிக்கு என்னென்ன போட்டோம், எப்போது போட்டோம், என்ன டெஸ்ட் செய்தார்கள் என்று. வாசல் மேஜைப் பெண், "கல்யாணப் பொண்ணுக்கு ஏற்கனவே எழுதியிருக்கு மேடம், இத மாதிரி சொல்லுங்க" என்று என் அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டாள். நாள் முழுக்க அடுத்தவர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் நான். ரூபா என் பெயரைக் கேட்டபோது எதற்கு என்று தோன்றவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். படித்தார். திரும்பவும் படித்தார். எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"செவ்வாக்கிழமை வந்தியா?"

தலையாட்டினேன்.

"ஆடி செவ்வா. கல்யாணப் பொண்ணு. முடிய வெட்டிக்கினியா?"

"டெஸ்டுக்கு கொஞ்சம்தான்க்கா."

"எட்டு வருஷம், பாக்கெட்ட காட்டினாங்கன்னு போட்டிருக்கு." குரல் தாழ்ந்தது. "இந்தப் பொண்ணு யாரோ எவரோ. அதுகிட்ட பாக்கெட்ட எடுத்தாந்து காட்டத் தெரியுது. நான் கையப் புடிச்சு கூட்டினு வரேன், எங்கிட்ட சொல்லத் தெரியல. நான் என்ன உன்னக் கடிச்சா தின்னுடுவேன்?"

ரூபாவின் கை என் தலையிலேயே நின்றுவிட்டது. எழுந்து ஓடவும் முடியாது, தலை முழுக்க கிரீம். அழுதேன். துண்டால் துடைத்துக்கொண்டேன்.

பஸ் ஏறும்போது மாலா அக்கா சொன்னது: "எங்கம்மாகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். தம்பிகிட்ட நீ சொல்லணும். இன்னிக்கே. இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

மாலை 6. அவருக்குப் போன் செய்து நரையைப் பற்றிச் சொன்னேன். 

"அக்கா சொல்லச் சொன்னாளா, நீயா சொல்றியா?"

"அக்காதான்."

"பல்லு வலி?"

"பொய்ங்க."

வைத்துவிட்டார். அம்மா சாப்பிடவில்லை. நானும்தான். சுட்ட தோசை ஆறிப்போனது.

ஆடி 20, திங்கள்

6.40. தூறல். நானே போன் செய்தேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. முதல் நரையைக் கண்டு அம்மாவும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு அழுததிலிருந்து, பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் பவுடர் போட்டது வரை எல்லாம் சொன்னேன். 

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியல" என்றார்.

வலித்தது. ஆனால் ஒளிக்காமல் சொன்னார்.

"பவுடர் போடாம வுட்டா எப்படி இருக்கும்?"

"முழுசா தெரிய மூணு நாலு மாசம் ஆகும்ங்க."

"அப்ப கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும்."

"ஆமாங்க."

 அவர் பக்கம் யாரோ டீ ஆற்றும் சத்தம்.

"சரி. கல்யாணம் ஆகட்டும், அப்ப பாத்துக்கறேன்."