நம் வீட்டு ஊமை டிவி

எங்கள் அன்புக்குரிய மாமாவுக்கு, உங்கள் கலா எழுதுவது.

எல்லோரும் நலம் என்று ஆரம்பித்தால், 'நல்லாதான் இருக்கீங்கன்னா அப்பறம் எதுக்கு லெட்டரு?' என்று கேட்கிற ஆள் நீங்கள். அதனால் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். மொட்டை மாடியில் நீங்கள் நின்று திசை பார்த்து வைத்த டிஷ்ஷைக் கழற்றலாமா, வேண்டாமா என்று வீட்டில் ஒரு மாதம் ஒரே பேச்சாக இருந்தது. கழற்றிவிட்டு, இப்போது எல்லோரும் போடுகிற மாதிரி வைஃபையில் ஓடிடி போட்டுக்கொள்ளலாம் என்பது உங்கள் மகனின் கட்சி.

பேச்சு என்னவோ டிஷ்ஷைப் பற்றித்தான். என் காதில் மட்டும் அது அத்தையைப் பற்றிய பேச்சாகவே விழுந்தது. நீங்கள் போன பிறகு பகல் பொழுதுக்கு அத்தைக்கு இருந்த ஒரே துணை அந்த டிவி. அதிலும் கை வைத்துவிட்டால் அந்த மனுஷி என்ன ஆவார் என்று எனக்குப் பயம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஐப்பசி மழையில்தான் எல்லாம் தொடங்கியது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகும். காடாம்புலியூரிலிருந்து டிஷ்காரர் வந்து மேலே ஏறிப் பார்த்தார். "டிஷ்ஷுல ஒரு கொறையும் இல்லைங்க. வேப்பமரம்தான் வளந்து வந்து முன்னால நிக்குது. அந்தக் கெளைய எடுத்தாத்தான் படம் நிக்கும்" என்றார். மைன்ஸ் குவார்ட்டர்ஸ் மரத்தில் நாமாக ஒரு குச்சியை ஒடிக்க முடியாது, எஸ்டேட் ஆபீசில் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா?

"கெளைக்கு எழுதிக் குடுத்துக்கினு யாரு அலையறது? டிஷ்ஷத் தூக்கிட்டா மழையும் கெடையாது, மரமும் கெடையாது. வேணுங்கறத வேணுங்கறப்ப பாத்துக்கலாம்" என்றார் உங்கள் மகன்.

"அத்தைக்கு?" என்று கேட்டேன்.

"அம்மா எங்க பாக்கறாங்க? சத்தத்த மூடி வெச்சிக்கினு வெறுமனே ஒக்காந்துக்கினு இருக்காங்க. இதுக்கு மாசாமாசம் ரீசார்ஜ் ஒண்ணு கேடா?"

அத்தை சமையலறையில் இருந்தார். காதில் விழுந்திருக்கும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் நீங்கள் போன பிறகும் அத்தை ஏன் பகலில் சத்தத்தை மூடியே வைத்திருக்கிறார் என்பது எனக்கும் புரியாத சங்கதிதான்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம்? திருவதிகையில் எங்கள் வீட்டு டிவி தெருமுனை வரை கேட்கும். கோயில் ஒலிபெருக்கி ஒரு பக்கம் கத்தினால் நாங்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிவைப்போம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள், இங்கே அத்தை சத்தமில்லாத டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "டிவி ரிப்பேருங்களா அத்தை?" என்று வாய் நிறையக் கேட்டுவிட்டேன். அத்தை உதட்டில் விரல் வைத்து உள்ளறையைக் காட்டினார். "நைட் ஷிஃப்ட்டு முடிச்சிட்டு மாமா தூங்கறாரு."

அப்புறம்தான் மைன்ஸ் ஷிஃப்ட்டில் ஓடுகிற இந்த ஊர் எனக்குப் புரிந்தது. இங்கே எந்தத் தெருவில் நடந்தாலும் பகலில் ஏதாவது ஒரு வீடு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடக்கும். குக்கர் விசில் அடிப்பதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைப்பார்கள். காய்கறிக்காரர்கூட எந்த வாசலில் கூவக் கூடாது என்று தெரிந்து வைத்திருப்பார். நானும் பழகிக்கொண்டேன். முகத்தைப் பார்த்தே யார் யாரைத் திட்டுகிறார்கள், யார் பொய்யாக அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க அத்தை பக்கத்தில் உட்கார்ந்தே தேறிவிட்டேன்.

நீங்கள் எழுந்து வந்து சாப்பிட உட்காரும்போது அத்தை அன்றைய கதையைச் சொல்வார். பாதி கண்ணால் பார்த்தது, பாதி அவரே கட்டியது. அந்த சீரியலில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டே வருகிற மூத்த மருமகளுக்குத் தீராத பல்வலி என்று அத்தை சொல்ல, நீங்களும் பாவம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு ஆஃப் நாள் சாயங்காலம் அதே எபிசோடை மறுபடி போட்டார்கள். சத்தத்தோடு பார்த்த பிறகுதான், அவள் குடும்பத்தையே கெடுக்கத் திட்டம் போடும் வில்லி என்பது உங்களுக்குத் தெரிந்தது.

"என்னாடி இது, நீ சொன்ன கத வேற, இவங்க எடுத்துக்கினு இருக்கற கத வேற?" என்றீர்கள்.

"அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்றார் அத்தை, கொஞ்சமும் அசராமல்.

அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் ரசம் புரையேறிவிட்டது. அதற்குப் பிறகும் மறுநாளிலிருந்து அத்தையின் கதையைத்தான் கேட்டீர்கள்.

ரிட்டயர் ஆன செய்தி உங்கள் உடம்புக்கு மட்டும் கடைசி வரைக்கும் போய்ச் சேரவே இல்லை. இரவெல்லாம் வீட்டைச் சுற்றி வருவீர்கள், விடிந்தால்தான் கண் சொக்கும். டிவியும் பகலில் ஊமையாகவே இருந்தது.

போன ஆடியில் அந்த மத்தியானமும் அப்படித்தான். நான் கடைக்குப் போயிருந்தேன். அத்தை ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீ போட்டு எடுத்துக்கொண்டு உங்களை எழுப்ப வந்தார். நீங்கள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். வந்தவர்கள் எல்லாம் கொடுத்துவைத்த சாவு என்றார்கள். யாரோ போய் அணைக்கும் வரை டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

இனி இந்த மாத விஷயம். 'கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுக் காட்டிவிடுகிறேன், அம்மாவே பார்த்துச் சொல்லட்டும்' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் மகன் டிவியின் பின்னால் எதையோ செருகினார். அத்தையையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். வால்யூம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பட்டனை அழுத்திவிட்டார். அந்த ஆப் திறக்கும்போதே 'டொம்' என்று ஒரு சத்தம் போடும். ஹாலே அதிர்ந்தது.

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிவியைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி உள்ளறையைப் பார்த்தார்.

"நல்லவேள, எழுந்திருக்கல" என்றார் மெல்லிய குரலில்.

அடுத்த கணம் தான் சொன்னது தனக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார், மாமா. உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அத்தை அப்படி அழவில்லை.

"இவ்ளோ சத்தம் வருதே இந்த டிவில. அன்னிக்கு இதுல பாதி வெச்சிருந்தாகூட அவருக்கு முழிப்புத் தட்டியிருக்கும் இல்ல? எழுந்து ஒக்காந்து மாரு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பாரு இல்ல? உள்ள அவரு போயிக்கினு இருக்காரு, நான் இங்க சத்தத்த மூடிக்கினு சீரியல் பாத்துக்கினு இருந்தேன். இப்ப சத்தம் வெச்சா, அத அன்னிக்கே வெச்சித் தொலச்சிருக்கக் கூடாதான்னு நெஞ்சு அடிச்சிக்கிது. அதான்டா நான் வெக்கறதில்ல."

வெறுமனே உட்கார்ந்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்த அத்தனை பகலும் அத்தை இதைத்தான் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். இதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள். உங்களை எங்கே போய்க் கேட்பது?

உங்கள் மகனைப் பற்றி நான் குறையாகவே எழுதுவதாக நினைக்காதீர்கள். அன்று அவர்தான் அத்தையின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். பிறகு, "எம்மா, எதிர்வூட்டு அக்கா கல்யாணம் ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கொழாய் ஸ்பீக்கர நம்ம உள்ளற ஜன்னலப் பாத்துதான் கட்டியிருந்தாங்க. காலைலேந்து பாட்டு, மேளம், வெடி. நீ போயி திருப்பிக் கட்டுங்கன்னு சண்டையே போட்ட. அப்பா என்னா பண்ணாரு? சாயங்காலம் எழுந்து வந்து, 'என்னா, தாலி கட்டியாச்சா?'ன்னு கேட்டாரு. மைன்ஸுல அந்த மெஷின் பக்கத்துலயே நின்ன காதும்மா அது. டிவி சத்தத்துக்கா எழுந்திருக்கும்?"

அத்தைக்கு அது நினைவு வந்துவிட்டது. கண்ணீர் வழிந்துகொண்டே இருக்க, உதடு மட்டும் கோணிக்கொண்டு சிரித்தது.

"அப்ப நான் ஏண்டா இத்தினி வருசமா ஊமப் படம் பாத்துக்கினு கெடந்தேன்?"

அத்தை அதைப் பதிலுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த ஒரு பேச்சில் எல்லாம் தீர்ந்துபோயிற்று என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். இரண்டு நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "கல்யாண மேளத்துக்கு எழுந்திருக்கல, சரி. நான் ஒரு கொரல் குடுத்திருந்தா எழுந்திருப்பாரும்மா" என்றார். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

உங்கள் மகன் கட்சி மாறிவிட்டார். டிஷ்ஷே இருக்கட்டும், அம்மா எப்படிப் பார்த்தாலும் பார்க்கட்டும், கிளையை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று காலையில் கிளம்பினார். அத்தை வாசலில் மறித்தார்.

"கெளைய வெட்டாதடா. அது இருக்கறதாலதான் உள்ளறையில வெயில் எறங்காம இருக்குது. அவரு கட்டில் மேலயே வந்து அடிக்கும். டிஷ்ஷக் கழட்டிடு."

ஒரு மாதமாக வைஃபை, ரீசார்ஜ், மழை என்று என்னென்னவோ பேசினோம். வெயிலைப் பற்றி எங்களுக்குத் தோன்றவே இல்லை. காடாம்புலியூர்க்காரரே வந்து கழற்றிக்கொண்டு போனார்.

புதுசு அத்தைக்கு இன்னும் பிடிபடவில்லை. "இதுல அதுவா எதுவும் வராதா? எல்லாத்தையும் நாமதான் போயிக் கூப்புடணுமா?" என்று சலித்துக்கொள்கிறார். நடுவில், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று அது கேட்கும். "இங்கதான ஒக்காந்துக்கினு இருக்கறேன், கண்ணு அவிஞ்சா போச்சி?" என்று அதட்டுகிறார். அந்தப் பல்வலிக்காரி சீரியல் முதலிலிருந்து முழுவதும் இதில் இருக்கிறது. சத்தத்தோடு பார்க்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. நான் சொன்ன கததான் அவருக்குத் தெரியும். அதே இருக்கட்டும்" என்றுவிட்டார்.

நேற்று மத்தியானம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நான் அடுப்பங்கரையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். டிவி வழக்கம்போல ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தை எழுந்து உள்ளறைக்குப் போனார். கட்டிலில் சுருங்கியிருந்த விரிப்பை இழுத்துவிட்டார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே வந்து, தாழ்ப்பாள் இடிக்காமல் கையால் பிடித்துக்கொண்டு கதவை மெல்லச் சாத்தினார். வந்து உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டினார்.

யாரோ ஒரு பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டாள். இந்த வீட்டில் பகலில் டிவி பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. எட்டிப் பார்த்தால் அத்தை அணைத்துவிடுவாரோ என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மாமா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அத்தை டிவி பார்க்கிற நேரத்தில் அந்தக் கதவை நான் திறக்க மாட்டேன். பெருக்க வேண்டியிருந்தாலும், அலமாரியில் துணி எடுக்க வேண்டியிருந்தாலும், அவரே எழுந்துபோய்த் திறக்கும் வரை காத்திருப்பேன். உங்கள் மகனிடமும் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இன்று மத்தியானம் அந்தப் பக்கமாகப் போனபோது மெதுவாகத்தான் நடந்தார்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மருமகள்
கலா