உன் அம்மா பேசிய தமிழ்

இன்று காலை பதிப்பகத்திலிருந்து பார்சல் வந்தது. பிரித்ததும் பசையும் மையும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. என் இரண்டாவது புத்தகம். அட்டையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் புத்தகம் அச்சுக்குப் போகவிருந்த சமயம். பதிப்பாளர் போனில் கூப்பிட்டு, கதைகள் நன்றாக இருக்கின்றன, பேச்சை மட்டும் எல்லோருக்கும் புரிகிற தமிழில் மாற்றிக் கொடுங்கள் என்றார். புத்தகம் வந்தால் போதும் என்றிருந்த நான் உடனே சம்மதித்துவிட்டேன். மறுநாள் மீஞ்சூர் ஸ்டேஷனில், தினமும் நாம் சேர்ந்து வேலைக்குப் போகும் ரயிலில் ஏறியதும் உன்னிடம் சந்தோஷமாகச் சொன்னேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். அந்தக் கதைகளில் பாதிக்கு மேல் பேசுகிறவள், பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற உன் அம்மா.

“எங்கம்மா ‘இன்னா’ன்னு கேக்கறத ‘என்ன’ன்னு மாத்திட்டா, அது எங்கம்மா இல்லடி. வேற யாரோ,” என்றாய்.

இறங்கியதும் பிளாட்பாரத்தில் நின்றே பதிப்பாளரைக் கூப்பிட்டேன். மாற்ற மனமில்லை என்றதும், யோசிக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பிறகு மாதக்கணக்கில் பேச்சே இல்லை. புத்தகம் வராது என்றே முடிவுகட்டிவிட்டேன். நீ மட்டும் விடாமல், ரயிலில் ஏதாவது ஒரு கதையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தாய். ஒருநாள் பதிப்பாளரே கூப்பிட்டார். வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்த்தாராம். இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார்.

வெளியீட்டைப் பழவேற்காட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் வைத்தோம். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. என் முகத்தைப் பார்த்துவிட்டு நீ வெளியே போனாய். மீன் ஏலம் முடிந்து திரும்பிய பெண்களைக் கூடையோடு அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தாய். உன் அம்மாவும் வந்திருந்தாள். நான் வாசிக்க வாசிக்க, தன் பேச்சைத் தானே கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே நீ அழுதாய்.

‘என் புத்தகம்’ என்று யாரிடமும் நீட்ட எனக்குக் கூச்சம். நீதான் பெண்கள் பெட்டியில் எழுந்து நின்று, வாங்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பக்கம் கேளுங்கள் என்று வாசித்துக் காட்டினாய். கதை முடியட்டும் என்று ஒருத்தி தன் ஸ்டேஷனையே தவறவிட்டாள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நீ பாதியாகியிருந்தாய்.

“என்னப் பத்தி எழுதுவியா?”

தலையாட்டினேன்.

“எழுதினா குண்டாவே எழுது. இப்டி எழுதாத.”

இரண்டு பேரும் சிரித்தோம். நர்ஸ் வந்து அதட்டினாள்.

மதியம் பதிப்பாளர் பேசினார். இம்முறை விழா சென்னையிலாம். முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள ஒரு பெரிய மனிதரின் பெயரைச் சொன்னார். உன் அம்மா பெற்றுக்கொள்ளட்டும் என்றேன். அந்த அம்மா யார், என்ன செய்கிறார் என்று கேட்டார்.

“ஏரியில இறால் புடிக்கிறாங்க, சார்.”

கொஞ்சம் தயங்கி, அந்தப் பெரியவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டதாகச் சொன்னார்.

“அவரு மேடையில இருக்கட்டும் சார். முதல் பிரதி அவங்களுக்குத்தான்.”

இப்படிப் பேச எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் தெரியும்.