காணிப்பாக்கத்துக்கு வந்து சொல்

பங்காருபாளையம்,
12.6.2007

அன்பு மகள் சுமித்ராவுக்கு நைனா வேதாச்சலம் எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. எனக்குத்தான் மனசு சரியில்லை.

தெலுங்குப் பேப்பரில் உன் போட்டோ பார்த்தேன். பக்கத்தில் மாங்கூழ் பாக்டரி முதலாளி. பஸ் போர்டு பார்த்து நானே கற்றுக்கொண்ட தெலுங்கு என்பதால் இரண்டு முறை படித்தேன். மண்ணைக் காக்கும் கம்பெனி என்று நீ நற்சான்று கொடுத்திருக்கிறாய். அந்தப் பாக்டரியில் மாந்தோல் அழுகிய தண்ணீர் கால்வாய் வழியே வந்து நம் கிணற்றில் ஊறுகிறது. மாடு வாய் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. பக்கத்துத் தோட்டத்துக் கிரண்குமார் கேட்கிறான்: "இன்னா மாமா, உம் பொண்ணு மூக்க பெங்களூர்லயே வெச்சிட்டு வந்துச்சா?"

காணிப்பாக்கத்துக்கு வா. குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று, நீ எழுதியது உண்மை என்று சத்தியம் செய். திருடனும் பொய் சொல்லப் பயப்படுகிற இடம் அது. செய்துவிட்டால் அப்புறம் நான் வாய் திறக்கமாட்டேன்.

நைனா


பெங்களூர்,
19.6.2007

அன்புள்ள நைனாவுக்கு,

என் வேலை கம்பெனிகளோடு சண்டை போடுவதல்ல. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும்படி முதலாளிகளை மெதுவாக நடத்திக்கொண்டு போவது. பிப்ரவரியில் பாக்டரிக்கு நேரில் போய்ப் பார்த்தேன். கழிவுத் தொட்டித் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் இன்னொரு தொட்டி கட்டுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். நான் கையை விட்டால் அதுவும் நடக்காது.

இதற்குச் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் சுமித்ரா


பங்காருபாளையம்,
25.6.2007

சுமித்ராவுக்கு,

பிப்ரவரியில் மாமரம் பூவில் இருக்கும். காயே இல்லாதபோது பாக்டரி எதைப் பிழிந்தது? நீ பார்த்தது தரை கழுவின தண்ணீர். வேறு யாராவது என்றால் தெரியாமல் செய்தார்கள் என்பேன். நீ மாந்தோப்பில் நடை பழகினவள். தெரிந்தேதான் போயிருக்கிறாய்.

அடுத்த மாசம் திருப்பதியில் முதலாளிகள் கூட்டத்தில் பேசப்போகிறாயாம். அதற்கு முன் காணிப்பாக்கத்தில் சத்தியம் செய். இல்லையென்றால் இந்த வீட்டுப் படி ஏறாதே. அம்மா அழுகிறாள். அழட்டும்.

வேதாச்சலம்


திருப்பதி,
8.7.2007

நைனா,

நேற்று விடிந்ததும் காணிப்பாக்கம் போனேன். குளத்தில் முழுகினேன். பூசாரி, "ஏமி பிரமாணம் அம்மா?" என்றார். என்ன சத்தியம் என்று சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன்.

மதியம் கூட்டத்தில், "பாக்டரி ஓடாத மாசத்தில்தான் பார்க்க விட்டார்கள், நானும் ஒப்புக்கொண்டேன், என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று சொன்னேன். யாரும் கத்தவில்லை. முதலாளி எனக்கு டீ வரவழைத்தார். சாயங்காலம் என் ஆபீஸிலிருந்து போன். இனி வரவேண்டாமாம்.

நீங்கள் கேட்ட சத்தியத்தைச் செய்யவில்லை. அதனால் வீட்டுக்கு வரவில்லை.

சுமித்ரா


பங்காருபாளையம்,
13.7.2007

அன்பு மகள் சுமித்ராவுக்கு,

பாக்டரிக்காரன் அதற்குள் நற்சான்று கொடுக்க வேறு ஆளைப் பிடித்துவிட்டான். மாலை போட்டுக் கூட்டிப்போனார்கள். தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது.

சொன்ன சொல்லை மாற்றுகிறவன் இல்லை நான். படி ஏறாதே என்றேன், ஏறவேண்டாம். கிணற்றுக்குத் தோட்டத்துப் பக்கமாகவும் வழி இருக்கிறது. இந்த மாசம் போனால் காய் தீர்ந்து பாக்டரியைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கிற பாட்டில்களை எடுத்துக்கொண்டு வா. கால்வாயில் இறங்கக் கிரண்குமாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மூக்கையும் எடுத்துவரச் சொன்னான்.

அம்மா சோற்றைக் கிணற்றடிக்கே கொண்டுவருவாளாம்.

நைனா