ஷாட் ஐந்தில் நிற்பவர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. லேப்டாப் சார்ஜர் வயரை எலி கடித்திருக்கிறது, டேப் சுற்றியாயிற்று. கண் சொட்டு மருந்து வாங்க வேண்டும்.

வகுப்பில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு படத்துண்டு கொடுத்தார்கள். எனக்கு வந்தது கன்டோன்மென்ட் பக்கம் யாரோ எப்போதோ எடுத்த கறுப்பு வெள்ளைச் சுருள். சத்தம் கிடையாது. தியேட்டரில் மாலைக் காட்சி விட்டு ஜனங்கள் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான். ஏழு ஷாட். ஒவ்வொன்றிலும் என்ன தெரிகிறதென்று எழுதி, திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும். தேறாவிட்டால் இந்தத் தாள் போச்சு.

பின்வரிசையிலிருந்து ஒருவன்: "பாட்டிக்கு ஈஸியா குடுத்துட்டாங்க மச்சா." எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

மருமகள் லதா போனில் தன் தங்கையிடம்: "அத்தையா? காலேஜ்ல சினிமா பாக்குறாங்க. ஆமாடி, அதுக்கு எம்.ஏ. குடுக்குறாங்களாம்." ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள். அல்சூர் நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்து, தபாலில் பி.ஏ. முடித்து, அறுபத்தாறு வயதில் வந்திருக்கிறேன். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை நான் ஒரு தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. "குடும்பப் பொம்பளைக்கு சினிமா எதுக்கு?" கல்யாணம் ஆன நாள் முதல் அதே வசனம். மாலை போட்ட போட்டோவில்கூட அதைச் சொல்கிற முகம்தான்.

ஜூலை 9, புதன்

குளிர். இட்லி மாவு பொங்கவில்லை.

மேடம் சொல்லித் தந்த முறை ஒன்று. திரையின் நடுவை அட்டையால் மறைத்துவிட்டு ஓரங்களை மட்டும் பார்ப்பது. நடுவில் இருப்பது எடுத்தவர் காட்ட நினைத்தது, அவருக்கே தெரியாமல் விழுந்ததெல்லாம் ஓரத்தில் கிடக்கும் என்பார். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி ஒட்டினேன்.

ஷா. 1: தியேட்டர் படிகள். ஓரத்தில் கடலை வண்டி.
ஷா. 3: தூணடியில் நாய்.
ஷா. 5: சைக்கிள் ஸ்டாண்டு. இடது ஓரத்தில் ஒரு ஆள், முதுகு காட்டி. கை சைக்கிள் மேல். காலருக்குள் கர்ச்சீப், முக்கோணமாக மடித்தது. முனை காலருக்குக் கீழே தொங்குகிறது.

ஆண்கள் கர்ச்சீப்பை நீளவாக்கில் மடித்துத்தான் காலரில் வைப்பார்கள். முக்கோணம் என் மடிப்பு. வேலைக்குப் புறப்படும்போது குனிந்து நிற்பார், நான் செருகிவிடுவேன்.

அவர்தான்.

செகண்ட் ஷிப்ட் என்று சொல்லிப்போன நாட்கள். நான் சாப்பிடாமல் விழித்திருந்த நாட்கள். சந்தில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம், பிறகு ஒரு செருமல். ஓடிப்போய்த் தாழ் திறக்க வேண்டும். தாமதமானால் அன்றைக்குச் சோற்றில் குற்றம்.

அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன்.

ஜூலை 11, வெள்ளி

மெட்ரோவில் நிற்க இடமில்லை. கீரை வாங்க மறந்தாயிற்று.

ஷா. 5இல் காது தெரிகிறது. கண்ணாடிக் காம்பும். புதன்கிழமை பின்தலை மட்டும்தான் இருந்தது, அப்படித்தான் எழுதியும் வைத்திருக்கிறேன்.

என் பக்கத்தில் உட்காரும் ஷீலாவிடம் கேன்டீனில் வைத்துக் காட்டினேன். ரிச்சர்ட்ஸ் டவுன் பெண், நல்ல கண்.

"இந்த ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறார், சொல்லு."

"முதுகுதான ஆன்ட்டி தெரியுது."

"காது?"

"எங்க ஆன்ட்டி? வெறும் பின்மண்டை." அப்புறம் மெதுவாக, "நைட்டு சரியா தூங்குறீங்களா ஆன்ட்டி?"

கண் டாக்டரிடம் போனேன். கண் சுத்தமாக இருக்கிறதாம். சொட்டு மருந்துகூட வேண்டாமாம்.

திரும்பி வந்து பார்த்தால் கன்னம். மூக்கு நுனி. திரும்பிக்கொண்டிருக்கிறார், மெதுவாக. ஒவ்வொரு தடவை நான் பார்க்கும்போதும் இன்னும் கொஞ்சம்.

ஷீலா போய்ச் சொல்லியிருக்கிறாள். மேடத்திடமிருந்து போன். வேறு துண்டு தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். உயிரோடிருந்தபோது வீட்டுக்காரர் பார்த்த பார்வைக்கெல்லாம் எழுந்து உள்ளே போனவள் நான். இதற்கு எழ முடியாது.

ஜூலை 14, திங்கள்

செமினார். பட்டுப்புடவை கட்டியிருக்க வேண்டாம், மழையில் ஓரம் பாழ்.

"முதுகு" என்று ஒரு வார்த்தை படித்திருந்தால் மார்க் வந்திருக்கும். நான் படித்தது: "ஷாட் ஐந்து. இடது ஓரத்தில் நிற்கும் ஆள் நம்மைப் பார்க்கிறார்."

மேடம் படத்தை நிறுத்தினார். பெரிய திரை. முழு முகம். உப்புக் குறைந்தால் நிமிர்ந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை. மற்ற நாற்பது பேருக்கும் தெரிந்தது முதுகு.

"அம்மா, ஸ்கிரீன்ல இருக்கறத எழுதணும். உங்களுக்குத் தெரிஞ்சத இல்ல."

"ஸ்கிரீனில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறேன்."

"இஷ்டு ஹட பேடா, அம்மா." இவ்வளவு பிடிவாதம் வேண்டாமாம். அடுத்த திங்கள் வரை நேரம். அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுத்தால் தேர்ச்சி, இல்லாவிட்டால் இல்லை. பின்வரிசை இன்று சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மீதி வகுப்பில் நடந்த பாடம்: ஒரு ஷாட்டில் இடது பக்கமாக வெளியேறுபவர் அடுத்த ஷாட்டில் வலது பக்கமாக நுழைய வேண்டும். அப்போதுதான் அவர் அதே வழியில் வந்துகொண்டிருக்கிறார் என்று பார்ப்பவருக்குப் புரியும். குறித்துக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பல நாள் கழித்து வெயில். மகனும் லதாவும் கிருஷ்ணராஜபுரத்தில் கிரகப்பிரவேசத்துக்குப் போனார்கள். சாம்பார் இருக்கிறது, அப்பளம் மட்டும் பொரிக்க வேண்டும்.

லதா செருப்பு மாட்டிக்கொண்டே: "தாழ்ப்பாள் போட்டுக்கோங்க அத்தை. யாராவது வந்தா ஜன்னல்ல பாத்துட்டு அப்புறம் திறங்க." போட்டாயிற்று.

அந்த வரியை அடிக்கவில்லை. ஏழு ஷாட்டையும் சுத்தமாகப் படியெடுத்து நாளைக் காலை கொடுத்துவிட வேண்டியது. தேர்ச்சி போனால் போகட்டும், அடுத்த வருஷம் மறுபடி உட்காருவேன். ஷா. 4 வரை முடிந்தது. சரிபார்க்க ஒரு தடவை ஓட்டினேன்.

ஷா. 5இல் அவர் இல்லை.

சைக்கிள் வரிசையில் ஒரு இடைவெளி. இடது ஓரம் வெறும் சுவர். ஷா. 6, 7இலும் தேடினேன், இல்லை. 7க்குப் பிறகு கறுப்பு.

ஷீலாவுக்குப் போன் செய்தேன். செமினாருக்காக எல்லாருக்கும் கொடுத்த காப்பியில் பார்த்தாள். "ஆன்ட்டி, சைக்கிள் ஸ்டாண்டுதான் இருக்கு. அந்த ஆள் எங்க ஆன்ட்டி?" குரல் சரியில்லை. முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒன்றையே பார்த்திருக்கிறோம்.

நான் உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு வலது பக்கம் வாசல் கதவு.

வெளியே சந்தில் சத்தம். கல் மேல் இரும்பு. சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம். இந்தச் சந்தில் யாரிடமும் சைக்கிள் கிடையாது, எல்லாம் பைக். லேப்டாப்பை மூடிப் பார்த்தேன். படத்தில் சத்தமே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

செருமல்.

எழுந்து திறக்கச் சொல்கிற செருமல். கால் தானாகத் தரையில் ஊன்றியது. இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஷா. 5: சைக்கிள் ஸ்டாண்டு. இடது ஓரத்தில் நின்று நம்மைப் பார்த்தவர் வெளியேறிவிட்டார்.

கதவு வளையம் ஒரு தடவை. மறுபடி செருமல், கொஞ்சம் கோபமாக.

ஷா. 6, 7 இன்னும் படியெடுக்க வேண்டியிருக்கிறது. சினிமா பார்த்துவிட்டு வந்தவருக்கு யார் எழுந்துபோய்த் தாழ் திறப்பது? நிற்கட்டும்.