நூற்றிருபது கேக் பெட்டிகளும் உன் அப்பாவின் கண்ணும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் தையல் மிஷின் நலம், உன் அண்ணன் வீட்டிலும் எல்லோரும் நலம், சின்னவனுக்கு முன்பல் விழுந்து பேசுவதெல்லாம் காற்றாக வருகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். அதை நீதானம்மா எனக்குச் சொல்ல வேண்டும், நான் அவரோடு ஒரே வீட்டில்தானே இருக்கிறேன், எனக்கு என்ன தெரியும். ஆமாம், அவருடைய கண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன். பதறாதே, உனக்கு அது பழைய செய்தி, எனக்குத்தான் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, வலது கண்ணில் போய்க்கொண்டிருக்கிறது. வருகிற வியாழக்கிழமை வலது கண்ணில் ஊசி போட வேண்டும், போட்டால் மிச்சம் இருப்பதாவது நிற்கும், மனுஷன் மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். இதைப் போனில் பேச முடியாது. போனது கண்தான், காது இன்னும் பாம்புக் காதாகத்தான் இருக்கிறது. அதனால் துணி தைக்கிற மேசையில் உட்கார்ந்து, யாருக்கோ அளவு எழுதுகிற மாதிரி இதை எழுதுகிறேன்.

எல்லாம் நீ அனுப்பிய அந்தக் காகிதம் வெட்டுகிற மிஷினில் ஆரம்பித்தது. ரிடையர் ஆன அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று அனுப்பினாய், பொழுது போனதோ இல்லையோ என் பொறுமை போய்விட்டது. கூடத்தில் ஜன்னலோரம், என் இஸ்திரி மேசை இருந்த இடத்தில், அதற்கு ஆசனம். இந்த வயதில் இவருக்கு ஒரு சின்ன வீடு அமைந்துவிட்டது என்று மாடி வீட்டு டீச்சரிடம் சொன்னேன், அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வாளி விழுந்தது. அவ்வளவு உபசாரம் அதற்கு. காலையில் துடைப்பது, தூசி படாமல் துணி போர்த்துவது, பென்சில் முனை அளவு பிளேடை எடுத்து ஊதி ஊதி மாட்டுவது. நீ அங்கே கம்ப்யூட்டரில் ஒரு பூவையோ பெட்டியையோ வரைந்து ஃபைலாக அனுப்புவாய், இவர் மேட் என்கிற, கட்டம் போட்ட ஒட்டும் விரிப்பில் காகிதத்தை ஒட்டி உள்ளே விடுவார், அது கிர்ர் கிர்ர் என்று முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு வெட்டும். ஒரு பட்டாம்பூச்சிக்குப் பதினோரு நிமிஷம். நான் கடிகாரம் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் ஒரு ஜாக்கெட் துணியை வெட்டிக் கழுத்தும் திருப்பியிருப்பேன். வெட்டி முடிந்ததும் அவர் அதை உரித்து எடுத்து, என்னமோ தானே பெற்ற மாதிரி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு வருவார். வீடு முழுக்கப் பட்டாம்பூச்சி. ஃப்ரிட்ஜில், கண்ணாடியில், மின்விசிறியில்கூட ஒன்று ஒட்டினார், போட்டதும் பறந்து போய்க் குழம்பில் விழுந்தது. காகிதத்தில் ஓட்டை போடுவதற்கு ஒரு மிஷின், அந்த ஓட்டையை வரைந்து கொடுப்பதற்கென்றே ஒரு கம்பெனியில் என் மகளுக்குச் சம்பளம், இதை வெளியில் சொல்ல எனக்கு வெட்கம்தான். கோபித்துக்கொள்ளாதே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இந்தக் கடிதத்தில் கோபப்பட வேண்டியவள் நீ இல்லை.

நாலைந்து மாதத்துக்கு முன்னால் மேட் சரியில்லை என்று ஆரம்பித்தார். கட்டம் கோணலாக அச்சடித்திருக்கிறான், நடுவில் கோடு வளைகிறது, திருட்டுப் பயல்கள் என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்தார். புதிது வாங்கினார், அதுவும் வளைகிறது. இன்னொன்று, அதுவும். நான்கு மேட், பாப்பா. நான் என் தையல் அளவுகோலை வைத்துப் பார்த்தேன், கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. நேராகத்தானே இருக்கிறது என்றேன். உனக்குத் துணியில் கோடு போடத்தான் தெரியும், முப்பத்தொரு வருஷம் போல்ட் கம்பெனியில் அளவு பார்த்தவனுக்குத் தெரியாதா என்று என்னையே மடக்கினார். சரி, மிஷின் பைத்தியம் முற்றிவிட்டது என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு உன் ஃபைல்களில் கோடெல்லாம் தடித்தடியாக வர ஆரம்பித்தது, மடிக்கிற இடமெல்லாம் பட்டை பட்டையாகச் சிவப்பு, எண்கள் கடைப் பலகை எழுத்து மாதிரி. உன் மகள் என்ன, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கா வரைந்து அனுப்புகிறாள் என்று கேலிகூடச் செய்தேன். அவர் பிளேடை எடுத்து ஊத ஆரம்பித்தார். இங்கே நான் கேலி பேசிக்கொண்டிருக்கிறேன், அங்கே நீ கோட்டைத் தடியாக்கிக்கொண்டிருக்கிறாய்.

அப்புறம் வந்தது கேக் கூத்து. முனையிலிருக்கிற பேக்கரிக்காரர் இரண்டாவது கடை திறக்கிறார், அன்றைக்குக் கொடுக்க நூற்றிருபது பெட்டி வேண்டும் என்று இவரிடம் சொல்லிவிட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. நீ அனுப்பிய பெட்டி ஃபைலில் அகலத்தை மட்டும் மாற்றினால் போதும். பேக்கரிக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் பதினெட்டு சென்டிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தார். மாதிரிக்கு ஒன்று செய்து காட்டுங்கள் சார் என்றும் கேட்டார். இந்தப் பெரிய மனுஷன், அளவில் என்னிடம் மாதிரி கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆறு நாள் வெட்டினார். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஏழாம் நாள் பேக்கரிக்காரர் ஒரு கேக்கோடு வந்தார், பெட்டியைத் திறந்து வைத்தார், கேக் உள்ளே போகவில்லை. லேசாக அழுத்தினார், க்ரீம் இரண்டு பக்கமும் பிதுங்கி அவர் சட்டையில் வழிந்தது. பதினெட்டு என்ற எண்ணைப் பதின்மூன்று என்று படித்திருக்கிறார் உன் அப்பா. நூற்றிருபதும் பதின்மூன்று. கேக்குக்குப் பெட்டி கேட்டால் சோப்புக்குப் பெட்டி செய்திருக்கிறாரே என்று சொல்லி நான் சிரித்தேன். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தேன். பேக்கரிக்காரரும் சிரித்துவிட்டார். உன் அப்பா கையில் ஒரு மூடியை வைத்துக்கொண்டு நின்றார், முகத்தில் ஈயாடவில்லை. பிறகு உள்ளே போய் வெகுநேரம் கை கழுவினார். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

மறுவாரம் எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று கண் ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடி மாற்றப் போனேன். அங்கே பரிசோதிக்கிற பெண் ஒரு அட்டையைக் கையில் கொடுத்தாள், கட்டம் கட்டமாக இருந்தது, நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பாருங்கம்மா, கோடு எங்கேயாவது வளைகிறதா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் இதே மாதிரி நான்கு இருக்கிறதம்மா, என் வீட்டுக்காரருக்கு எல்லாம் வளையும் என்று வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவருக்கு என்ன வயசு, எத்தனை நாளாக அப்படிச் சொல்கிறார் என்று கேட்டாள். அட்டையை அவள் கையில் திணித்துவிட்டு எழுந்தேன். கண்ணாடியாவது ஒன்றாவது, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். மேட்டைத் தூக்கி அவர் முன்னால் பிடித்து, வலது கண்ணை மூடுங்கள் என்றேன். முதலில் எகிறினார், என்ன விளையாட்டு இது என்றார். என் முகத்தைப் பார்த்து மூடினார். இடது கண்ணுக்கு நடுவில் ஒன்றுமே இல்லையாம், அழுக்குத் தண்ணீர் தேங்கிய மாதிரி ஒரு கறையாம். வலது கண்ணுக்குக் கோடெல்லாம் நெளிகிறதாம். எத்தனை நாளாக என்று கேட்டேன். எட்டு மாதம் என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாப்பாவுக்குத் தெரியும் என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு உங்கள் இருவரையும் நினைத்து எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன், எழுதினால் நீ மாப்பிள்ளையிடம் காட்ட முடியாத வார்த்தைகளாக வரும். கண் கொஞ்சம் களைப்பாக இருக்கிறது, கோட்டைத் தடியாகப் போடு, எண்ணைப் பெரிதாகப் போடு, அம்மாவிடம் மூச்சு விடாதே என்று அவர் கேட்டாராம், நீயும் சரிப்பா என்றாயாம். எவ்வளவு நல்ல பெண். ஒரு டாக்டரிடம் போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, சிவப்புக் கோடு போட்டுக் கொடுக்கக் கை வந்ததா? நீ அப்பாவுக்கு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பாய். நீ செய்தது, அவர் குருடாகிறதை அவருக்கே தெரியாமல் சௌகரியமாக ஆக்கிக் கொடுத்தது. மறுநாளே அவரைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். முதல் மாதமே வந்திருந்தால் இடது கண்ணையும் பிடித்து வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி, வியாழக்கிழமை முதல் ஊசி, தள்ளிப்போட்டால் இதுவும் அதுபோல ஆகிவிடும் என்று டாக்டர் படம் வரைந்து விளக்கினார். இவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, கண்ணில் போய் ஊசியா, என்னால் முடியாது, மிஷின் இருக்கிறது, அதற்குக் கண் வேண்டாம், பாப்பா அளவெல்லாம் போட்டே அனுப்பிவிடுவாள், நான் பொத்தானை அமுக்கினால் போதும் என்கிறார். கேட்டாயா? போல்ட் கம்பெனியில் மேலதிகாரியையே எதிர்த்துப் பேசிய வீரர், ஒரு ஊசிக்குப் பயந்து பட்டாம்பூச்சிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். நான் மிஷினின் ஒயரைப் பிடுங்கி என் துணி பீரோவில் பூட்டிவிட்டேன். மூன்று நாளாகப் பேச்சில்லை. நாளைக்கோ மறுநாளோ உனக்குப் போன் செய்வார், குழைவார், வேறு ஒயர் அனுப்பு என்பார், புதிய ஃபைல் கேட்பார். நீ ஒன்றும் அனுப்பக் கூடாது. ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள், பிறகு அனுப்புகிறேன் என்று மட்டும் சொல். அழுதால் அழட்டும். நீயும் அழு, எனக்கென்ன. நான் சொன்னால் அது வழக்கமான நச்சரிப்பு, அவருக்குச் செல்லம் கொடுத்தவள் மறுத்தால்தான் மண்டையில் ஏறும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அவரிடம் கேட்டேன், அன்றைக்கு அந்த மூடியை வைத்துக்கொண்டு ஏன் அப்படிச் சிலை மாதிரி நின்றீர்கள், ஏதாவது பதில் சொல்லியிருக்கலாமே என்று. அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார், கேக் உள்ளே போகவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை, நீ சிரித்ததில்தான் தெரிந்தது என்றார். முப்பத்தாறு வருஷத்தில் நான் அவரை எவ்வளவோ பேசியிருக்கிறேன், ஒன்றுக்கும் வருத்தப்பட்டதில்லை, அவருக்கு அவ்வளவும் தகும். ஆனால் கண் தெரியாமல் நின்ற மனுஷனைப் பார்த்து ஊரான் முன்னால் சிரித்திருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன், பாப்பா. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இதுதான், மற்றதெல்லாம் பேச்சு.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும், கெடாத கண்ணோடும், ஒருவருக்கொருவர் ஒளிக்காத வாயோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவள் நீ, உன் கண்ணையும் ஒருமுறை காட்டிக்கொள், முடிவை முதலில் எனக்குச் சொல். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஊசி. அதுவரை அவருக்கு ஒரு கோடுகூட அனுப்பாதே.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கிற
அம்மா