எண்பத்தொன்றா, எழுபத்தைந்தா

மார்ச் 4

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் குடலில் கட்டியாம். புற்றுநோய்தான். "சரி, வெட்டி எறியுங்க" என்றேன். டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பெரியவருக்கு என்ன வயசு?" என்று உன் தம்பியைக் கேட்டார். எண்பத்தொன்று என்றான்.

"இந்த வயசுல எதுக்குங்க தொந்தரவு? வலிக்கு மாத்திரை தர்றேன். வீட்டுல சந்தோஷமா வச்சுக்குங்க."

வச்சுக்க நான் என்ன பூந்தொட்டியா? நம் கடையில் ஒரு பழைய டயரைக்கூடத் தட்டிப் பார்க்காமல் நான் கழித்ததில்லை. இவர் என் நெஞ்சில் குழாய்கூட வைக்கவில்லை. தம்பி வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து, சரி என்று தலையாட்டினான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீ வெளிநாட்டில் நர்ஸ். இது சரிதானா, சொல்.

உன் அப்பா

மார்ச் 13

அன்புள்ள அப்பா,

தம்பி பேசியது என்னிடம்தான். வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். அறுத்து, மருந்து ஏற்றி, நீங்கள் சுருண்டு கிடப்பதை என்னால் நினைக்க முடியவில்லை. எண்பத்தொரு வயது உடம்பு தாங்காது அப்பா. எங்கள் வார்டிலும் இப்படித்தான் சொல்கிறோம். உங்களை அவன் கேட்டிருப்பான் என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைக்குப் போகாதீர்கள்.

உங்கள் மகள்

மார்ச் 24

மகளுக்கு,

உங்களுக்குச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. லாரி லைசென்ஸ் வாங்கப் போனபோது எனக்குப் பதினைந்து வயது. இருபத்தொன்று என்று அடித்துவிட்டேன். அதுவே எல்லாத் தாளிலும் ஏறிவிட்டது. காகிதப்படி என் அண்ணன் எனக்குத் தம்பி! அண்ணனுக்கே எழுபத்தேழுதான், எனக்கு எழுபத்தைந்து என்று காட்ட, அண்ணனின் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

பார்த்துவிட்டுச் சிரித்தார். "எழுபத்தஞ்சுதானா? அதை முன்னாடியே சொல்லக்கூடாதா ஐயா? ஆபரேஷன் பண்ணிடலாம்."

முதல் தடவையாக ஐயா என்றார். அப்புறம்தான் நெஞ்சில் குழாய் வைத்தார். அதே கட்டி, அதே உடம்பு.

வெளியே பெஞ்சில் ஒரு தையற்காரர். நிஜமாகவே எண்பத்தொன்று. அவருக்கும் குடல்தான். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். லிஃப்ட் பழுது. மூன்று மாடி அவர் இறங்கிவிட்டார், நான் நடுவில் நின்று மூச்சு வாங்கினேன்.

கீழே போய் அவரைப் பிடித்து, "நீங்களும் ஆறு வயசைக் குறைச்சுச் சொல்லுங்களேன்" என்றேன்.

"எதுக்குங்க? நான் பொறந்தது நெசந்தானே?" என்றார்.

நாற்பது வருஷம் வாய்ச் சவடாலில் கடை நடத்தியவன், அவர் பையை வாங்கிக்கொண்டு வாசல் வரை கூடவே நடந்தேன். ஜெயித்தேனா, ஏமாற்றினேனா? இன்னும் பிடிபடவில்லை.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி ஆபரேஷன். லீவு போட்டு வருகிறாய் என்றான் தம்பி. எண்பத்தொன்றுக்கு வராத லீவு எழுபத்தைந்துக்கு வந்துவிட்டதா? நீ பாசத்தில்தான் சொன்னாய், தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுவும் தெரியும். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்றுதான் தெரியவில்லை.

வா. விமான நிலையத்துக்கு நானே வண்டி ஓட்டி வருகிறேன். உன்னைக் கண்டதும் கட்டிக்கொள்வேனா, பேசாமல் பெட்டியை மட்டும் தூக்குவேனா, எனக்கே தெரியாது.

அப்பா