காணிக்கை மேஜையில் ஓர் இலைக்கல்

உத்திரமேரூர்,
ஞாயிறு மத்தியானம்.

இயேசுவின் நாமத்தில் அன்பு மகள் சோபியாவுக்கு அம்மா எழுதுவது. உன் நைனாவின் முட்டிவலியைத் தவிர இங்கே கர்த்தர் கிருபையால் சுகம்தான், நீயும் பெர்த்தில் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் கத்திவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம் வாங்கி எழுதுகிறேன், இதையாவது முழுக்கப் படி.

இலை பதிந்த அந்தக் கல்லை என்னைக் கேட்காமல் யார் கோயிலுக்கு எடுத்துப் போனது என்று கேட்டாய். நான்தான். வேறு என்ன செய்யச் சொல்கிறாய். பெய்த மழையில் கொல்லையில் போட்ட பூசணி கொடியோடு அழுகிப்போனது, இருந்த ஒரு கோழியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. அறுப்பின் பண்டிகைக்கு நான் வெறுங்கையோடு போனதே கிடையாது. காலேஜில் படிக்கும்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வெயிலில் தோண்டி நீ முதன்முதலாக எடுத்து வந்த கல், என் மகளின் முதல் விளைச்சல் இதுதானே என்று துடைத்து எடுத்துப்போய் காணிக்கை மேஜையில் வைத்தேன். நீ ஒட்டியிருந்த சீட்டை யார் கவனித்தார்கள்.

ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விட்டது உன் ஐசக் மாமா. வாழைத்தார், சேவல் எல்லாம் போனபின் கல்லைத் தூக்கிப் பிடித்து, பன்னிரண்டு கோடி வருஷத்து இலை என்று சீட்டைச் சத்தமாகப் படித்துவிட்டார். புதுப் பாஸ்டர் எழுந்து, பூமிக்கே ஆறாயிரம் வருஷம்தான், இது நோவா காலத்து வெள்ளத்தில் புதைந்த இலை, சீட்டைக் கிழித்துவிட்டு ஏலம் விடுங்கள் என்றார். என் அண்ணன் சும்மா இருப்பாரா, சூரியனையே நாலாம் நாளுதான் படைச்சாரு, மொத மூணு நாளை இன்னாத்த வெச்சி அளந்தாங்கோ பாஸ்டரே என்று மைக்கிலேயே கேட்டார். இந்தப் பக்கம் உன் நைனா, எம்பொண்ணு எய்தினத கிய்க்கறதுக்கு எவனுக்கும் ரைட்டு கெடையாது என்று கத்துகிறார். சபையார் எல்லோருக்கும் ஆக்கி வைத்த அசனச் சோறு ஆறிப்போனதுதான் மிச்சம். கல்லை ஒருத்தரும் கேட்கவில்லை. வைத்த வீட்டுக்காரர்களே ஏலம் கேட்கக் கூடாது என்பது உனக்கும் தெரியும், அதனால் அது கோயிலிலேயே தங்கிவிட்டது.

நீ என்னவென்றால், கல்லைத் திரும்ப வாங்கி வா, இல்லையென்றால் மே மாதம் கல்யாணத்துக்கு வரமாட்டேன், மாப்பிள்ளை வசந்த்குமாரைப் பெர்த்திலேயே ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்கிறாய். கர்த்தருக்குக் கொடுத்ததை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பேன். நைனா உனக்கு மேல். பாஸ்டர் மன்னிப்பு கேட்டால்தான் கோயில் வாசலை மிதிப்பேன் என்று ஞாயிற்றுக்கிழமையானால் லுங்கியோடு டிவி முன்னால் உட்கார்ந்து என்னைப் பேஜார் பண்ணுகிறார். உங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு எனக்குத் தலைவேதனை. ஆதாமிலிருந்து யார் எந்த வயதில் யாரைப் பெற்றார் என்று வேதத்தைப் பார்த்து நானும் கூட்டினேன், மெத்தூசலாவோடு கண் எரிந்து மூடிவிட்டேன். மண் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று போன லீவில் நீ சொன்னதும் பொய்யாகத் தெரியவில்லை. இலையைப் படைத்தவரும் அதைக் கல்லுக்குள் பத்திரப்படுத்தியவரும் ஒருவர்தானே, நடுவில் என் மகள் கல்யாணம் ஏன் நிற்க வேண்டும். உலகத்துக்கு எத்தனை வயது என்று எனக்குத் தெரியாது, எனக்கு வயதாகிறது, அது தெரியும்.

இன்று ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அறைக்குப் போனேன். கல்லைக் கேட்க இல்லை. மே மாதக் கல்யாணத்தைச் சபையில் அறிவித்து ஓலை வாசிக்க உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் கொடுக்கப் போனேன். ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க மேஜையில் இருந்த ஓலைத் தாள்களின் மேல் உன் கல்லைத்தான் வைத்திருந்தார். சீட்டு கிழியாமல் அப்படியே இருந்தது. கல்லை இரண்டு கையாலும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பெயர்களை எழுதிக்கொண்டார். பொண்ணு வருமாம்மா என்று கேட்டார். வரும் என்று சொல்லிவிட்டேன்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. டிக்கெட் போட்டதும் முதலில் நைனாவுக்குச் சொல், அந்த மனுஷனை வேட்டி கட்ட வைக்க உன்னால்தான் முடியும். கோயிலில் வைத்து உன் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

கோபத்தோடும் அதைவிடப் பாசத்தோடும்,
அம்மா
அம்முலு ஏசுதாஸ்